மூட்டைக்குச் சமதளம், மனிதனுக்குப் படிக்கட்டு

கண்டிக்கு வருகிற எவரும் வாவியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வாவியைப் பார்த்தவர் அதன் நடுவேயுள்ள சிறு தீவையும் பார்த்திருப்பர். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807ஆம் ஆண்டையொட்டி, நெல் விளைந்த வயலை மறித்து அணைகட்டி இந்த நீர்நிலையை ஆக்கினான். தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி அதனை வகுத்தான் என்பர். மண் வெட்டியவர்களும் சுமந்தவர்களும் இராஜகாரிய முறையில் பிடித்துவரப்பட்ட குடிகள். எதிர்த்து நின்ற சிலர் வாவிப் படுகையிலேயே கழுவேற்றப்பட்டனர் என்றொரு செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அரசனைக் கொடியவனாகக் காட்டுவதில் ஆங்கிலேயருக்கு ஆதாயம் இருந்தது என்பதையும் மறந்துவிடாமலே இதைச் சொல்லுகிறேன். எது எப்படியாயினும், குடிகள் தோண்டிய வாவியின் நடுவே எழுந்த தீவு குடிகளுக்கு ஆகவில்லை. அது அரசனுக்கும் அந்தப்புரத்துக்கும் உரிய உல்லாச இடமாயிற்று. 1815இல் வெள்ளையர் வந்தனர். அரசன் வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான். தீவோ வெடிமருந்துக் கிடங்காயிற்று. எஜமானர் மாறினர், கரையில் நின்றவன் கரையிலேதான் நின்றான்.

தனித்தீவு என்பது மன்னர் காலத்து வழக்கம், அது மண்ணோடு மண்ணாகிவிட்டது என்று எண்ணுபவர்கள் இன்றைய உலகை அறியாதவர்கள். இன்று தனித்தீவு வைத்திருப்போர் கப்பற் கம்பனிக்காரர். உல்லாசப் பிரயாணக் கப்பல்களை ஓட்டும் நோர்வீஜியன் கம்பனி 1977இல் பகாமாஸ் நாட்டில் கிரேட் ஸ்டிரப் கே என்னும் தீவையே வாங்கிப்போட்டது. ரோயல் கரிபியன் கம்பனி 1986 முதல் ஹெயிட்டியின் வடகரையில் லபாடீ என்னும் நிலத்துண்டைக் குத்தகைக்கு எடுத்து வேலி அடைத்தது. வேலிக்கு இப்பால் வெண்மணலும் விருந்தும். வேலிக்கு அப்பால் ஹெயிட்டி மக்கள். 2010 ஜனவரியில் நிலநடுக்கம் அந்த நாட்டைப் புரட்டிப் போட்டு இலட்சக்கணக்கானோரைக் காவு கொண்ட சில நாட்களுக்குள்ளேயே உல்லாசக் கப்பல் லபாடீக் கரைக்கு வந்து நின்றது. நிவாரணப் பொருளும் கொண்டுவந்தோம் என்றது கம்பனி. கொண்டுவந்ததும் உண்மையே. ஆயினும் பிணக்காடாகிய ஒரு நாட்டின் கரையில் கடற்குளியலை ஒத்திவைக்க வேண்டுமென்று அந்த வியாபாரத்துக்குத் தோன்றவில்லை.

இந்தத் தீவுகளில் இறங்குதுறை கட்டும் கதை நமக்கு ஒரு பாடம். பெருங்கப்பல் ஆழங்குறைந்த கரையை நெருங்க முடியாது. ஆகவே நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி, சிறு படகுகளில் பிரயாணிகளை இறக்கிக் கரை சேர்ப்பார்கள். கப்பலும் ஆடும், படகும் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஒரு தப்படி. அந்தத் தப்படியை வைக்கக் கால் இல்லாதவன் என்ன செய்வான்? காசு முழுவதும் கட்டிவிட்டு, கப்பலின் மேற்றளத்திலிருந்து தீவைப் பார்த்துக்கொண்டிருப்பான். பல்லாண்டு காலம் இதுவே நடைமுறை. பின்னர் கம்பனிகள் ஆழ்கடல் வரை நீளும் துறைமேடைகளைக் கட்டத் தொடங்கின. ரோயல் கரிபியன் 2009இல் லபாடீயிலும், பகாமாஸில் உள்ள கோகோ கே தீவில் 2019இலும் அத்தகைய மேடைகளைத் திறந்தது. நோர்வீஜியன் கம்பனியும் தன் தீவில் துறைமேடை எழுப்பப்போவதாக 2024இல் அறிவித்தது. இப்பொழுது சக்கர நாற்காலி கப்பலிலிருந்து நேரே உருண்டு கரைக்கு வரலாம்.

இது கருணையால் நேர்ந்ததா? இல்லை. கடல் கொந்தளித்தால் படகு இறக்க முடியாது. படகு இறக்காவிட்டால் தீவிலே வியாபாரம் இல்லை. ஆயிரக்கணக்கானோரை ஏற்றி வரும் புதுக் கப்பல்களைச் சிறு படகில் காலி செய்யப் பொழுது போதாது. இலாபத்துக்குச் சமதளம் வேண்டியிருந்தது. அந்தச் சமதளத்தில் சக்கர நாற்காலியும் உருண்டது. இலாபம் கேட்காத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. சக்கர நாற்காலியில் பிரயாணம் செய்தோர் சிலர் நோர்வீஜியன் கம்பனிமீது தொடுத்த வழக்கு, அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய், 2005இல்தான் ஒரு முடிவைக் கண்டது. எங்கள் கப்பல் அந்நிய நாட்டுக் கொடி ஏற்றியது, உங்கள் அங்கவீனர் சட்டம் எங்களைத் தீண்டாது என்று கம்பனி வாதாடியது. அமெரிக்கத் துறைமுகம் வரும் கப்பல் அந்தச் சட்டத்துக்கு முற்றிலும் புறம்பானதன்று என்றது நீதிமன்றம். அந்தச் சட்டமும் தானாகப் பிறந்ததன்று. 1990 மார்ச் மாதத்தில் வாஷிங்டன் நகரில், சட்டமன்ற மாளிகையின் படிகளிலே ஊன்றுகோலையும் நாற்காலியையும் எறிந்துவிட்டு, கைகளால் ஊர்ந்து ஏறிய மனிதர்கள் பெற்றுக்கொடுத்த சட்டம் அது.

கரிபியன் கடலுக்கும் கண்டிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில், குளிரூட்டிய பஸ்கள் கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டி வருகின்றன. தலதா மாளிகை, பேராதனைப் பூந்தோட்டம், வாவிக்கரை என ஒரே பகலில் சுற்றிக்காட்டி, மாலையில் கப்பலுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த விருந்தினர் கூட்டத்தில் முடியாத கிழவர் ஒருவர் இருந்தால் தாங்க இரண்டு பேர் வருவார்கள். நான் கேட்பது வேறு. அதே நாளில், அதே நகரில், தெல்தெனியாவிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ கண்டி ஆஸ்பத்திரிக்கு வரும் நமது கிழவியைத் தாங்குபவர் யார்?

இந்த நகரின் வரலாற்றை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 1867ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். பாதை யாருக்காகப் போடப்பட்டது? கோப்பித் துரைமார் கேட்டார்கள்; மாட்டு வண்டியில் மூட்டைகள் துறைமுகம் சேர வாரக் கணக்காகிறது, வண்டிக்கூலி இலாபத்தைத் தின்கிறது என்று முறையிட்டார்கள். மூட்டைக்காக மலை குடையப்பட்டது. மூட்டை புகையிரதம் ஏறிப் போன அந்தக் காலத்திலே, மூட்டையை உண்டாக்கிய மனிதன் எப்படி வந்தான்? தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியோரத்தில் விழுந்தவர்கள் ஏராளம்.

கண்டியின் பெரிய பஸ் நிலையத்துக்குக் கூட்ஸ் ஷெட் என்று பெயர் வழங்குகிறது. சரக்குக் கொட்டகை என்பது அதன் பொருள். எந்த நாட்டுச் சரக்குக் கொட்டகையையும் பாருங்கள். அதன் மேடை வண்டியின் தளத்தோடு சமமாக இருக்கும். ஏன்? மூட்டையைத் தூக்கினால் நேரம் வீண், கூலி வீண்; உருட்டினால் சுலபம். பொறியியலாளனுக்கு இந்த அறிவு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது. மேட்டையும் பள்ளத்தையும் சமமாக்கத் தெரியாதவர்களல்லர் நம்மை ஆண்டவர்கள். மலையுச்சித் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்துச் சாக்கு வானத்திலே கம்பியில் தொங்கித் தொழிற்சாலைக்கு இறங்கியதைக் கண்டவர் பலர். கொழுந்தைப் பறித்தவள் மட்டும் ஒற்றையடிப் பாதையின் கற்படிகளில் ஏறி இறங்கினாள். நோய் கண்டால் போர்வையில் கிடத்திக் கம்பிலே கட்டித் தூக்கி வந்தார்கள். மூட்டைக்குச் சமதளம், மனிதனுக்குப் படிக்கட்டு. குடியேற்ற ஆட்சியின் கட்டிடக்கலை முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தோம். முதலாளியின் பஸ் மக்களின் பஸ் ஆயிற்று. அந்த வெற்றியை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பஸ்ஸின் படி எத்தனை அங்குலம் தாழ்ந்தது? லொறியின் சட்டத்தின்மேல் கூண்டு கட்டிய வண்டிகளையே பஸ் என்று ஓட்டப் பழகிவிட்டோம். முழங்கால் உயரப் படியில் தொற்றி ஏறுமுன் வண்டி நகர்ந்துவிடுகிறது. உள்ளே, ஊனமுற்றோருக்கு ஒதுக்கிய ஆசனம் என்று எழுதியிருக்கிறது. ஏற முடியாத வண்டியில் இருக்கை ஒதுக்குவது எத்தகைய தருமம்? புகையிரதமும் அப்படியே, மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி, அதன்மேல் செங்குத்தான படி. கப்பலுக்கும் படகுக்கும் நடுவே இருந்த அந்தத் தப்படி இங்கேயும் இருக்கிறது.

இவ்வளவும் பொதுப்பேச்சு. எனக்கு இந்தப் படிக்கட்டின்மேல் இத்தனை கோபம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் படித்தான். கண்டிக்குத் தெற்கேயுள்ள தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்தவன். தாய் கொழுந்து பறிப்பவள். பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே வலுவில்லை. தமையன் முதுகில் சுமந்து வந்து முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்புவான்; பாடசாலையில் தோழர்கள் நாற்காலியோடு தூக்குவார்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவன் வகுப்பிலே முதல்வன். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைக் கேட்டான். ஆய்வுகூடம் மூன்றாம் மாடியில் இருந்தது. ஆசிரியர் கூட்டத்தில் விஷயம் பேசப்பட்டது. ஒரு பிள்ளைக்காக ஆய்வுகூடத்தை மாற்ற முடியுமா என்றார் ஒருவர். தூக்கும்போது விழுந்தால் பொறுப்பு யாருக்கு என்றார் மற்றொருவர். கலைப்பிரிவு கீழ்த்தளத்தில்தானே இருக்கிறது, நன்றாகப் பாடம் கேட்கலாம் என்று பரிவோடு முடித்தார்கள். அவன் கலைப்பிரிவில் சேர்ந்தான். அவனுடைய பாடத்தைத் தேர்ந்தெடுத்தது படிக்கட்டு.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வகுப்பிலே சமத்துவம் பற்றி முழங்குகிறவன், அன்று வாய் திறக்கவில்லை. கீழ்த்தளத்தில் களஞ்சிய அறையொன்று உடைந்த கதிரைகளோடு பூட்டிக் கிடந்தது என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையை எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று பலமுறை யோசித்தேன். உரிமை இல்லை, கடன் உண்டு என்ற முடிவுக்கு வந்தே எழுதுகிறேன்.

சட்டம் இல்லையா என்பீர்கள். சட்டத்துக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. 2006 அக்டோபரில், பொதுக் கட்டிடங்களுக்குள் எல்லோரும் தடையின்றிப் புகுவதற்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. கிரிக்கெட் நடுவராகவும் இரசாயன அறிஞராகவும் விளங்கிய அஜித் பெரேரா என்பவர், 1992இல் ஓடும் மோட்டார் வண்டியின்மேல் மரம் விழுந்து கால்களின் இயக்கத்தை இழந்தவர். அந்த விதிகள் ஏட்டோடு நிற்பது கண்டு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2011 ஏப்ரலில் நீதிமன்றம், புதிதாக எழும் பொதுக் கட்டிடங்கள் இவ்விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டது. அவர் 2020இல் மறைந்தார். ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை உறுதி செய்தது. இத்தனைக்கும் பிறகு, நேற்றுக் கட்டிய கட்டிடத்தின் வாசலில் நான்கு படிகளைக் காண்கிறோம். இந்தக் காலம் முழுவதிலும் நாம் தவறாமல் செய்த வேலை ஒன்று உண்டு. அங்கவீனர் என்றிருந்த பெயரை வலுவிழந்தோர் என்று மாற்றினோம்; பின்பு மாற்றுத்திறனாளி என்று மாற்றினோம். பெயர் ஏறிக்கொண்டே போயிற்று. மனிதன் வாசலிலேயே நின்றான்.

எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

முதலாவது: இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர், நமது கந்தோருக்கு ஒருவரும் வருவதில்லையே என்பது. பாலமில்லாத ஆற்றைக் காட்டி, இந்த ஆற்றை யாரும் கடப்பதில்லை, பாலம் எதற்கு என்று கேட்பது போன்றது இது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள், பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ வேறு வகையிலோ இடர்ப்படுகிறவர்கள். போரிலே காலிழந்த போர்வீரனும் காலிழந்த குடிமகனும் இதில் அடக்கம்; சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று படிக்கட்டு பேதம் பார்ப்பதில்லை. நிறைமாதத் தாயையும், நீரிழிவால் பாதம் இழந்தவரையும், முழங்கால் தேய்ந்த முதியவரையும் சேர்த்துக்கொண்டால், சிறுபான்மை எது, பெரும்பான்மை எது? இன்றைக்குப் படியில் தாவி ஏறும் வாலிபன் நாளைக் கிழவன்.

இரண்டாவது: பணம் இல்லை என்பது. 2022இல் நாடு வெளிக்கடன் கட்ட முடியாமல் கையை விரித்தது உண்மை. அதனாலேயே இனிக் கட்டுவதையாவது ஒருமுறையில் ஒழுங்காகக் கட்டவேண்டும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், இதுவே சாய்தளத்தின் கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடிச் சரிவு போதும். மூன்றடி அகலக் கதவு, இரண்டடிக் கதவைவிட எத்தனை ரூபா அதிகம்? வரைபடத்திலே கோடு போடும்போது செய்தால் செலவு அற்பம். கட்டி முடித்துவிட்டு இடிக்கும்போதுதான் பணம் கரைகிறது. கண்காட்சிச் சாய்தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதி கேட்கிறதே என்று இரண்டடி உயரத்துக்கு ஆறடியில் ஒரு சறுக்குப் பலகை போட்டுவிட்டு, அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைக்கிறார்கள். அதில் ஏறும் நாற்காலி பின்னோக்கிக் கவிழும். உயிரைப் பறிக்கும் சாய்தளத்தைவிட நேர்மையான படிக்கட்டே மேல்.

மூன்றாவது வாதம் கண்டிக்கே உரியது: இது புனித நகரம், 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருப்பது, பழைமையைத் தொடலாமா என்பது. பழைமையிடம் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இந்த நகரின் பழைமையே மாற்றங்களின் வரிசையல்லவா? வயலை வாவியாக்கியவன் பழைமையைத் தொடவில்லையா? அரண்மனைத் தீவை வெடிமருந்துக் கிடங்காக்கியவன் தொடவில்லையா? மின்விளக்கும் காவற்சோதனைக் கருவியும் தொடவில்லையா? உல்லாசப் பிரயாணியின் வசதிக்காகத் தொடலாம், ஊர்க் கிழவியின் வசதிக்காகத் தொடலாகாது என்றால், காக்கப்படுவது பழைமையன்று, பழைய படிநிலை.

இனி, வெளியே காட்டிய விரலை உள்ளே திருப்புவோம். நாம் முற்போக்காளர். நமது இலக்கியக் கூட்டங்கள் எங்கே நடக்கின்றன? வாடகை குறைந்த மாடி அறையில். தொழிற்சங்கக் காரியாலயம் எங்கே? கடைக்கு மேலே, குறுகிய மரப்படியின் உச்சியில். தோட்டத்தில் இயந்திரத்துக்குள் கையை இழந்தவனும் மலைச்சரிவில் விழுந்து காலை இழந்தவனும் நட்டஈடு கேட்டு வரவேண்டிய இடம் அது. 1945இல் இலவசக் கல்வி பெற்றோம். உலகமே வியக்கும் பேறு அது. பேராதனைக் குன்றுகளின்மேல் எழுந்த பல்கலைக்கழகத்தை 1954இல் திறந்துவைக்க வந்த எடின்பரோக் கோமகன், அது வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருப்பதாகப் பிரகடனம் செய்தார். அழகான சொல். கட்டணம் என்னும் கதவைத் திறந்தோம், மகிழ்ச்சி. படிக்கட்டு என்னும் கதவு எவருக்குத் திறந்திருக்கிறது என்று அந்தக் குன்றின்மேல் படித்தவர்களும் படிப்பிப்பவர்களுமாகிய நாமே கேட்கவில்லையானால் வேறு யார் கேட்பார்?

கூட்ஸ் ஷெட் நிலத்தில், பஸ்ஸையும் புகையிரதத்தையும் இணைக்கும் பெரிய போக்குவரத்து முனையமொன்றை உலக வங்கிக் கடனில் எழுப்பும் திட்டம் வகுக்கப்பட்டது. கடன் நமது தலையில். ஆகவே கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கே. முனையத்தின் தளத்திலிருந்து பஸ்ஸின் தளத்துக்கு எத்தனை அங்குலம்? மின்தூக்கி பழுதானால் மாற்று வழி எது? கண்ணில்லாதவர் எந்த பஸ் எங்கே நிற்கிறதென்று எப்படி அறிவார்? மலசலகூடத்துக் கதவுக்குள் நாற்காலி திரும்புமா? இவற்றைக் கேட்பதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை வரைபட மேசைக்கு அழைத்தால் அவரே எல்லாம் சொல்லிவிடுவார். மூட்டைக்காகக் கட்டிய அந்த இடத்தில் இப்பொழுதாவது மனிதனை மூட்டைக்குச் சமமாக நடத்துங்கள் என்று கேட்கிறோம். எவ்வளவு சிறிய கோரிக்கை!

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! தீர்மானம் நிறைவேற்றிக் கலைவது நமக்குக் கைவந்த கலை. இம்முறை ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை உங்கள் பாடசாலை வாசலிலும், தபாற்கந்தோரிலும், பிரதேச வைத்தியசாலையிலும் படிகளை எண்ணி உயரத்தை அளந்து குறியுங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். எத்தனை அடிச் சரிவு வேண்டுமென்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கையும், 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதியையும், 2011ஆம் ஆண்டுக் கட்டளையையும் குறிப்பிட்டு, பொறுப்பானவருக்குக் கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதுங்கள்; நூறு பேர் சேர்ந்து எழுதுங்கள். ஆய்வுகூடம் மாடியிலிருந்தால், கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கும் அறையின் சாவியைக் கேளுங்கள். அடுத்த இலக்கியக் கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் கூட்டுங்கள்.

என் மாணவன் இன்று ஒரு சிறு கடையில் கணக்கெழுதுகிறான். சந்திக்கும்போது குறைசொல்வதில்லை. அந்த ஆய்வுகூடம் எப்படியிருக்கும் ஐயா என்று ஒருநாள் கேட்டான். அதே பாடசாலையில் அத்தனை ஆண்டுகள் படித்தும் அவன் அதை ஒருமுறையும் பார்த்ததில்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாவித் தீவைக் கரையில் நின்று பார்த்த குடிகளுக்கு இருநூறு ஆண்டுகளாக நாம் சொல்லாத பதிலும் அதுவே.